பெயர் நமது, ஆட்டம் யாருடையது?

பத்திரிகையைக் கையிலெடுத்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டும் வழக்கம் நம் மாணவரிடையே வேரூன்றிவிட்டது. அதனை இழிவென நாம் கருதவில்லை. உழைப்பின் களைப்பு நீங்க மனிதன் ஆடுகின்றான். ஆடுவோரைக் கண்டு மகிழ்கின்றான். விளையாட்டு மக்களின் பண்பாட்டில் ஓர் அங்கம். ஆயின், கவிதையையும் நாவலையும் சினிமாவையும் வர்க்கக் கண்ணோட்டத்தோடு அலசி ஆராயும் நமது முற்போக்கு எழுத்தாளர்கள் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவைத்துவிட்டனர். நாம் விட்டுவைத்த அந்த இடத்தில் வணிகன் வந்து அமர்ந்துகொண்டான். இன்று விளையாட்டுச் செய்தி என்ற பெயரில் நமக்கு வழங்கப்படுவதிற் பெரும்பகுதி முதலாளியின் விளம்பரமே. இதனைச் சான்றுகளோடு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. 2020 ஆம் ஆண்டு லங்கா பிரீமியர் லீக் என்னும் தொழில்முறைத் துடுப்பாட்டத் தொடர் இந்நாட்டில் ஆரம்பிக்கப்பட்டது. ஐந்து நகரங்களின் பெயரில் ஐந்து அணிகள். அவற்றுள் ஒன்று யாழ்ப்பாணத்தின் பெயரைச் சூடிக்கொண்டது. அவ்வணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளில் வெற்றிக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. ஒவ்வொரு முறையும் “யாழ்ப்பாணம் வென்றது”, “வடக்கு தலைநிமிர்ந்தது” என்ற வகையிலேயே நமது விளையாட்டு விமர்சகர்கள் எழுதினர். இளைஞர் வெடி கொளுத்தினர்.

இவ்வணி எங்கே ஆடியது? 2020 இல் அம்பாந்தோட்டையில். பின்னர் கொழும்பில், பல்லேகலையில், தம்புள்ளையில். 2020 முதல் 2024 வரையான ஐந்து தொடர்களில் ஒரேயொரு போட்டிதானும் யாழ்ப்பாணத்தில் நடைபெறவில்லை. வடமாகாணத்தில் எந்த மண்ணிலும் நடைபெறவில்லை. சர்வதேசத் தரம் வாய்ந்த மைதானம் வடக்கில் இல்லை என்பது இதற்குக் கூறப்படும் காரணம். ஏன் இல்லை என்று எந்த விளையாட்டுப் பக்கம் தொடர்ந்து கேட்டது? யாழ்ப்பாணம் என்ற பெயர் அம்பாந்தோட்டைக்குப் பயணஞ் செய்தது. அப்பெயருக்குரிய மக்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்த்தப்பட்டனர்.

செட்டிகுளத்திலிருந்து எழுதும் நமக்கு இவ்வாறு பெயரைக் கடன் வாங்கும் வித்தை புதியதன்று. 2009 இல் வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த வெண்கலச்செட்டிகுளம் பிரதேசத்துக் காடழித்து அமைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். அம்முகாமின் பகுதிகளுக்கு இடப்பட்ட பெயர்கள் யாவை? இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர். தமிழர் பெருமையாகக் கூறும் பெயர்கள் வாயிலில் எழுதப்பட்டிருந்தன. உள்ளே இருந்தவருக்கோ 2009 டிசம்பர் வரை வெளியே செல்லும் உரிமை இருக்கவில்லை. நலன்புரி நிலையம் என்பது அதற்கு அரசு சூட்டிய பெயர். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டபோதும், கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் சொந்த நிலத்துக்குச் செல்லவில்லை. இராணுவம் அந்நிலத்தை வைத்திருந்தமையால் சீனியாமோட்டையில் இறக்கிவிடப்பட்டனர். முகாமையும் துடுப்பாட்ட அணியையும் நாம் சமப்படுத்தவில்லை. அத்தகைய பேதைமை நமக்கில்லை. ஒரு பெயர் நம்முடையதாக இருப்பதனால் அப்பெயர் ஒட்டப்பட்ட பொருளும் நம்முடையதாகிவிடாது என்ற எளிய உண்மையை இம்மண் தன் அனுபவத்தால் அறியும் என்பதையே கூறுகின்றோம்.

அணிகளின் பெயர்ப் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தம்புள்ளை அணி 2020 இல் ‘வைக்கிங்’. 2021 இல் ‘ஜயன்ட்ஸ்’. அடுத்த இரு தொடர்களில் ‘ஓரா’. 2024 இல் ‘தண்டர்ஸ்’, அதே ஆண்டிலேயே ‘சிக்ஸர்ஸ்’. கண்டி அணி ‘டஸ்கர்ஸ்’, ‘வொரியர்ஸ்’, ‘பல்கன்ஸ்’, ‘பி-லவ்’ என்று மாறி மீண்டும் ‘பல்கன்ஸ்’ ஆயிற்று. நம் பெயர் தாங்கிய அணியும் முதலாண்டில் ‘ஸ்டாலியன்ஸ்’. அடுத்த ஆண்டு லைக்கா நிறுவனத்தார் கைக்கு மாறியதும் ‘கிங்ஸ்’. கடை கைமாறினால் பெயர்ப்பலகையும் மாறும். ஊரின் பெயர் மாத்திரம் மாறாமலிருப்பதற்குக் காரணம், வாடிக்கையாளரை அழைத்துவருவது அதுவே என்பதுதான். யாழ்ப்பாணத்து மக்களிடம் யாரேனும் அனுமதி கேட்டார்களா? அப்பெயரால் ஈட்டிய வருமானத்தில் ஒரு பங்கை இத்தனை பாடசாலைகளுக்கென ஒதுக்கவேண்டும் என்ற கடப்பாட்டை எவரேனும் பகிரங்கமாக விதித்தார்களா? இவ்வினாக்களை எழுப்பாத விமர்சகர், “நமது அணி” என்ற சொல்லை எழுதும் உரிமையை எங்கிருந்து பெற்றார்?

இங்கே ஒரு மறுப்பு எழும். “வடக்கின் இளைஞர்க்கு இத்தொடர் வாய்ப்பளித்ததே! விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் தன் 18 ஆவது வயதில் ஜப்னா அணிக்கு ஆடினார். 2024 இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக இந்தியன் பிரீமியர் லீக்கிலும் பந்து வீசினார். இதையும் மறுப்பீர்களோ?” என்பர். மறுக்கமாட்டோம். அவ்விளைஞரின் திறமையும் உழைப்பும் போற்றத்தக்கவை. ஆனால் அவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். அக்கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான ‘வடக்கின் பெருஞ்சமர்’ 1904 முதல் நடந்துவருகின்றது. அவரை ஆளாக்கியது நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பள்ளி மைதானமும் அதன் ஆசிரியர்களும். தொழில்முறைத் தொடர் விளைந்த கதிரை அறுக்க வந்தது, விதைக்க வரவில்லை. ஒருவர் மேலே ஏறியதைக் காட்டி, ஏணியே இல்லாத ஆயிரம் பேரின் வினாவை மூடிமறைப்பது முதலாளித்துவத்தின் பழைய தந்திரம்.

நம்மவர் ஒருவர் செவிமடுக்க விரும்பாத இன்னொரு செய்தியும் உண்டு. யாழ்ப்பாணம் என்றால் வடக்கு முழுவதும் என்று எழுதுவது கொழும்பு வணிகர் மட்டும் செய்யும் பிழையன்று; யாழ்ப்பாணத்து மேட்டிமை நெடுங்காலமாகச் செய்துவரும் பிழை. வன்னி அதற்கு நெல்லும் காடும் தருகின்ற பின்புலமாகவே இருந்துவந்தது. புகழ்பெற்ற பழைய கல்லூரிகளின் மைதானங்கள் குடாநாட்டில் உள்ளன. 1977 இன் இனவன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வவுனியா மாவட்டத்துக் காடுகளை வெட்டிக் குடியேறிய தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் எந்தப் பெருஞ்சமரின் பாரம்பரியத்தில் வளர்வது? அப்பிள்ளைகளும் “ஜப்னா, ஜப்னா” என்று கைதட்டுகின்றனர். கைதட்டுவது குற்றமன்று. கைதட்டுவதற்கு மட்டுமே அவர்கள் அழைக்கப்படுகின்றனர் என்பதுதான் குற்றம்.

இனி, இப்பக்கங்களின் மொழியைக் கவனியுங்கள். 2023 முதல் இத்தொடரில் வீரர்கள் ஏலத்தில் விடப்படுகின்றனர். 2024 மே மாதத்து ஏலத்தில் மதீஷ பத்திரண 120,000 அமெரிக்க டொலருக்குக் கொழும்பு அணியால் எடுக்கப்பட்டார். “விலைபோனார்”, “கொள்வனவு”, “அடிப்படை விலை” என்ற சந்தைச் சொற்கள் எவ்விதக் கூச்சமுமின்றி மனிதருக்குச் சூட்டப்படுகின்றன. வீரர் நல்ல ஊதியம் பெறுவதை நாம் எதிர்க்கவில்லை. மைதானத்தில் உழைப்பவர் அவரே. உழைப்பவரின் ஊதியத்தைப் பற்றிப் பேசுவதும் உழைப்பவரையே சரக்காக்கிப் பேசுவதும் ஒன்றல்ல என்கின்றோம்.

இவ்வேறுபாட்டை ஐக்கிய அமெரிக்காவில் ஒரு விளையாட்டு வீரர் உலகறியச் செய்தார். அங்கே பேஸ்போல் என்னும் ஆட்டம் நமது பாடசாலைகளில் ஆடப்படும் எல்லேக்கு உறவுமுறையானது: தடியால் பந்தை அடித்துவிட்டுத் தரிப்பிடங்களைச் சுற்றி ஓடிவருவது. அந்நாட்டிலோ அது மாபெரும் வணிகம். அன்று ஓர் அணியின் உரிமையாளர் வீரரை மற்றோர் அணிக்கு மாற்றினால் அவர் மறுபேச்சின்றிச் செல்லவேண்டியிருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பழைய உரிமையாளரின் பிடியிலிருந்து விடுபட முடியாதிருந்தது. 1969 இல் சென் லூயிஸ் அணியின் கர்ட் ஃபிளட் என்னும் கறுப்பின வீரர் பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டபோது, தாம் வாங்கி விற்கும் உடைமையல்லர் என்று அத்தொழிலின் ஆணையாளருக்குக் கடிதம் எழுதி, நீதிமன்றம் சென்றார். பெரும் ஊதியம் பெறுபவனுக்கு என்ன குறை என்று அன்றைய விளையாட்டு எழுத்தாளர் பலர் ஏளனஞ் செய்தனர். 1972 இல் உயர் நீதிமன்றத்தில் ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் அவர் தோற்றார். ஆனால் அவர் மூட்டிய தீ அணையவில்லை. உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் பணியாற்றிய மார்வின் மில்லர் 1966 முதல் தலைமை தாங்கிய வீரர் சங்கம் தொடர்ந்து போராடி, 1975 இறுதியில் நடுவர் தீர்ப்பொன்றின் மூலம் அவ்விலங்கை உடைத்தது. வீரனை மீட்டது தொழிற்சங்கம். விளையாட்டுப் பக்கம் அன்று.

சந்தையாகிவிட்ட இடத்துக்குச் சூது வராதிருக்குமா? 2020 ஆம் ஆண்டின் முதற்றொடருக்குத் தலைப்பு அனுசரணை வழங்கியதே, பணங்கட்டிக் கற்பனை அணி அமைத்து ஆடும் இந்திய இணையச் செயலியொன்று. அத்தகைய பண விளையாட்டுகளைத் தடைசெய்து இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டமியற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது. 2024 மே ஏலம் முடிந்த மறுநாள், தம்புள்ளை அணியின் உரிமையாளர் ஆட்டநிர்ணயச் சந்தேகத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதுசெய்யப்பட்டார். அவ்வணியின் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த பத்து ஓவர்த் தொடரில் காலி அணியின் உரிமையாளரும் கைதுசெய்யப்பட்டார். தனிமனிதர் குற்றவாளியா என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நமது வினா வேறு. கைது நடக்கும்வரை இவ்வுரிமையாளர்கள் யார், அவர்தம் பணம் எங்கிருந்து வந்தது என்று நமது விளையாட்டுப் பக்கங்கள் ஏன் விசாரிக்கவில்லை? ஏலத்தின் தொகையை எழுதத் தெரிந்த பேனாவுக்கு, ஏலம் எடுத்தவனை விசாரிக்கத் தெரியாமற் போனது ஏன்?

“விளையாட்டை அரசியலோடு கலக்காதீர்கள்” என்ற உபதேசம் இவ்விடத்தில் வரும். இவ்வுபதேசத்தைச் செய்வோர் ஒரு வரலாற்றைப் படிக்கவேண்டும். அதே பேஸ்போல் ஆட்டத்தின் பெரும் லீக்குகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டுக் கறுப்பினத்தவர் ஒருவரேனும் சேர்க்கப்படவில்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவுமில்லை. உரிமையாளரின் மௌன உடன்பாடே சட்டமாயிருந்தது. பெரும் பத்திரிகைகளிற் பெரும்பாலானவை வாய்மூடியிருந்தன. நியூயோர்க்கில் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘டெய்லி வேர்க்கர்’ பத்திரிகையில் 1936 முதல் விளையாட்டுப் பக்கத்தை நடத்திய லெஸ்ற்றர் ரொட்னி அம்மௌனத்தைக் கலைத்தார். அவர் பேஸ்போலை வெறுத்தவரல்லர். ஆட்டத்தின் நுட்பத்தை மனமார இரசித்து எழுதியவர். இரசித்ததனாலேயே, இத்தனை திறமையுள்ள கறுப்பின வீரர் ஏன் ஆடுகளத்தில் இல்லை என்று ஆண்டுக்கணக்கில் கேட்டார். கறுப்பின மக்களின் பத்திரிகைகளில் வெண்டல் ஸ்மித், சாம் லேசி போன்றோர் அதே போரை நடத்தினர். மக்களிடம் கையொப்பங்கள் திரட்டப்பட்டன. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ரொபின்சன் புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியபோது, அது தனியொரு முதலாளியின் பெருந்தன்மையால் மட்டும் நிகழவில்லை. களத்தில் இருப்பவரைப் புகழ்வதோடு நின்றுவிடாது, களத்தில் இல்லாதவர் யார் என்று கேட்ட சில விளையாட்டு எழுத்தாளரும் அக்கதவைத் தள்ளியிருந்தனர். துடுப்பாட்ட உலகிலும் மேற்கிந்தியத் தீவுகளின் மார்க்சிய அறிஞர் சீ. எல். ஆர். ஜேம்ஸ் தம் பத்திரிகை மூலம், பிராங் வொரலுக்கு அணித்தலைமை வழங்கவேண்டும் என்று போராடினார். 1960 இல் அது நிறைவேறியது. இவையெல்லாம் அரசியலைக் கலந்த செயல்களா, ஏற்கெனவே கலந்திருந்த அநீதியைப் பிரித்தெடுத்த செயல்களா?

அந்த டொட்ஜர்ஸ் அணியின் பின்கதையும் நமக்குப் பாடமாகும். புரூக்ளின் உழைக்கும் மக்கள் தம் உயிரென மதித்த அவ்வணியை 1957 ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் உரிமையாளர் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கொண்டுசென்றார். அங்கே அரங்கு எழுந்த நிலம் எது? சாவேஸ் ரவீன் என்னும் பள்ளத்தாக்கில் வாழ்ந்த மெக்சிக்க வம்சாவளி ஏழைகளின் குடியிருப்பு. பொதுமக்களுக்கு வீடமைப்பதாகக் கூறி 1950 முதல் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அத்திட்டத்தை ‘சோஷலிசம்’ என்று தூற்றிக் கைவிட்ட நகராட்சி, பின்னர் நிலத்தை அணியின் உரிமையாளருக்கு வழங்கியது. எஞ்சிய குடும்பங்கள் 1959 மே மாதத்தில் பலவந்தமாக வீட்டிலிருந்து இழுத்தெறியப்பட்டன. 1962 இல் அரங்கு திறக்கப்பட்டது. புரூக்ளின் மக்கள் பெயரை இழந்தனர். பள்ளத்தாக்கு மக்கள் நிலத்தை இழந்தனர். இலாபம் ஒரே இடத்திற் சேர்ந்தது.

2025 செப்டெம்பர் 1 அன்று யாழ்ப்பாணத்து மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். வடக்குக்கு ஒரு மைதானம் வரவேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அடிக்கல் நாட்டியதைப் படம்பிடித்துப் போட்டுவிட்டால் விளையாட்டு எழுத்தாளரின் கடமை முடிந்துவிடாது. கண்டலும் ஈரநிலமும் சூழ்ந்த தீவிலே இவ்வளவு பெரிய கட்டுமானம் தகுமா என்று சூழலியலாளர் எழுப்பிய ஐயத்துக்கு விடை என்ன? கட்டிமுடித்தபின் அங்கே யார் ஆடுவர்? ஆண்டில் சில இரவுகள் தொழில்முறை அணிகளும் மற்றை நாட்களில் பூட்டும் என்றால், அது யாருக்கான மைதானம்? செட்டிகுளத்துப் பிள்ளை அங்கே பார்வையாளராக மட்டுமன்றி ஆட்டக்காரராகவும் நுழைவதற்குத் திட்டம் உண்டா? நிலத்தை இழந்து, நிலத்துக்காகக் காத்திருந்து, நிலத்தின் விலையறிந்த வன்னி மக்கள் இவ்வினாக்களைக் கேட்பதற்கு உரிமையுடையோர்.

வெளிநாட்டார் நம் பெயரில் ஆடுவதை நாம் குறைகூறவில்லை. 2024 இறுதியாட்டத்தில் தென்னாபிரிக்கரான ரைலி ரூசோ ஜப்னா அணிக்காகச் சதமடித்தார். நல்ல ஆட்டத்தை யார் ஆடினாலும் பாராட்டுவோம். குறுகிய ஊர்ப்பற்றுக்காக நாம் வாதாடவில்லை. பெயருக்குரிய மக்கள் அப்பெயரின் மீது உரிமையுடையோராக வேண்டும் என்பதே நமது வாதம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, செய்யவேண்டியது என்ன? மூங்கிற்றடியும் டெனிஸ் பந்தும் கொண்டு ஆடப்படும் எல்லே நம் பாடசாலைகளில் வலயம், மாவட்டம், மாகாணம் எனப் படிப்படியாக நடைபெறுகின்றது. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஆடுகின்றனர். அதற்கு உரிமையாளர் இல்லை; ஏலம் இல்லை; ஆகவே பெரும் பத்திரிகையில் இடமும் இல்லை. அவ்வாட்டங்களை எழுதுங்கள். வென்றவர் பெயரோடு நின்றுவிடாது, எந்தப் பள்ளிக்கு மைதானம் இல்லை, எங்கே விளையாட்டு ஆசிரியர் நியமிக்கப்படவில்லை, எந்தப் பெண்பிள்ளை எக்காரணத்தால் பாதியில் நிறுத்தப்பட்டாள் என்பதையும் எழுதுங்கள். சுவர்ப்பத்திரிகையில் எழுதுங்கள், கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுங்கள், பத்திரிகைகளுக்குக் கடிதமாக அனுப்புங்கள். வகுப்பறையில் ஒரு விளையாட்டுச் செய்தியை எடுத்துவைத்து மூன்று வினாக்களை மாணவரிடம் கேளுங்கள்: இவ்வணி யாருடையது? இவ்வாட்டம் எங்கே நடந்தது? இதில் ஆட வரமுடியாதவர் யார்? சமூக அறிவின் அரிச்சுவடியை இதைவிட எளிதாகக் கற்பிக்க வழியில்லை.

யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி இனியும் வெல்லக்கூடும். அன்றும் நம் இளைஞர் மகிழ்வர், மகிழட்டும். அவ்வெற்றியைப் பற்றி எழுத வரும் விமர்சகரிடம் அன்று இந்த மூன்று வினாக்களையும் கேட்போம். விடை வரும்வரை “நமது அணி” என்ற சொல்லை அவருக்குக் கடனாகவும் கொடுக்கமாட்டோம்.